நம்ம துப்பாக்கியிலயா சுட்டான்?

தோட்டாப் பெட்டியைப் பிரித்ததும், உள்ளே இருக்கும் அச்சிட்ட தாளை நாலாக மடித்து, ஆடுகிற மேசையின் காலுக்கு அடியில் செருகிவிடுவார் அத்தான். எந்தத் தூரத்தில் குண்டு எவ்வளவு வேகத்தில் போகும், எவ்வளவு தாழும் என்று கம்பெனிக்காரர்கள் பாடுபட்டுக் கணக்கெடுத்த அட்டவணை அது. "இது அவன் துப்பாக்கிக்குச் சரி. நம்ம துப்பாக்கியிலயா சுட்டான்?" என்பார்.

என் அக்காவின் கணவர். துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அவர் வேலை. கம்பெனி ஒன்றுதான், பெட்டியும் ஒரே மாதிரிதான். ஆனாலும் லாட்டுக்கு லாட்டு, அதாவது ஒரு தடவை தயாரித்த தொகுதிக்கும் அடுத்ததற்கும், தோட்டாவின் குணம் மாறும். நீளக் குழலில் சுட்டு அவர்கள் அச்சடித்த வேகம் கிளப்பின் குட்டைக் குழலில் கிடைக்காது. இதிலெல்லாம் அவர் சொல்வது சரிதான். வீட்டிலும் அதே புத்தி என்பதுதான் வம்பு.

"மழை வரும்னு செய்தியில சொன்னா, மாடிக்குப் போய் கைய நீட்டிப் பாத்துட்டுதான் குடைய எடுப்பாரு. தெர்மாமீட்டர் காட்டுற காய்ச்சலக்கூட நம்ப மாட்டாரு. இந்த மனுஷனோட குப்பை கொட்டி எனக்கு அலுத்துப்போச்சு" என்பாள் அக்கா. சொல்லிக்கொண்டே அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவாள். கொஞ்ச காலமாக அவர் வலது கை நடுங்குகிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

போன வருஷம் வரை கிளப்பில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. இந்தப் பருவத்தில் வந்த லாட்டு ஒவ்வொன்றையும் "சரியில்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார். தேர்வுப் போட்டி நெருங்கிவிட்டது, அணியின் கையில் தோட்டா இல்லை. செயலாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இதையும் கழிச்சீங்கன்னா, இனிமே அட்டவணையப் பாத்தே வாங்கிக்கறோம். நீங்க வீட்ல நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டார். அந்த நிம்மதிக்கு என்ன பொருள் என்று அத்தானுக்குத் தெரியாதா?

அந்தக் கடைசி லாட்டைச் சோதித்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். பார்ப்பதற்கு இவ்வளவு சலிப்பூட்டும் வேலை வேறு இருக்க முடியாது. மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து, மூச்சை அடக்கி, சுட்டு, "குழல் ஆறட்டும்" என்று காத்திருந்து, மறுபடி சுட வேண்டும். குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியில் எண்கள் ஏறக்குறைய ஒன்றுபோல் வந்தன. இலக்குத் தாளிலோ துளைகள் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தன. தோட்டா இந்தக் குழலுக்கு ஒத்துவராமல் இருக்கலாம். இல்லாவிட்டால் சுடுகிறவர்தான் காரணம்.

அணியில் சுடுகிற நர்ஸ் ஒருத்தி, ஆஸ்பத்திரி வேலை முடிந்த களைப்போடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள்தான் மெல்ல ஆரம்பித்தாள்.

"சார், துப்பாக்கிய இரும்புக் கவ்வியில பூட்டி, கை படாம சுட்டுப் பாத்தா என்ன?"

"போட்டியில கவ்வியா சுடப்போகுது? மனுஷங்கதானே சுடப்போறீங்க?" என்று சீறினார் அத்தான்.

சீறியவர் அப்படியே அடங்கிப்போனார். துப்பாக்கியை வைத்துவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியை விட்டு நகர்ந்தார்.

"நீ உக்காரும்மா."

"வேணாம் சார். நீங்களே இன்னொரு தடவ..."

"உக்காரு. அதே லாட்டு, அதே துப்பாக்கி. நீ சுடு."

லாட்டு மோசமாகவே இருந்து தொலையட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அணி எக்கேடு கெட்டால் எனக்கென்ன?

அவள் சுட்டாள். ஒவ்வொரு தடவையும் குழல் ஆறும்வரை அத்தான் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசித் தோட்டாவும் தீர்ந்ததும், வேறு யாரையும் போகவிடாமல் அவரே நடந்துபோய்த் தாளைக் கழற்றிக்கொண்டு வந்தார். துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி விழுந்திருந்தன. அவள் தலைகுனிந்துகொண்டாள்.

அத்தான் தாளை மேசைமேல் விரித்து, துளைகளின் மேல் வலது கட்டைவிரலை வைத்தார். எல்லாம் மறைந்துபோயின.

"நல்ல லாட்டு. செயலாளரை வாங்கச் சொல்லும்மா" என்றார். விரலை மட்டும் எடுக்கவில்லை.