ரோலர் ஓடிய பள்ளம்

மழை பெய்தால் எங்கள் வாசலில் கணுக்கால் வரை சேறு நிற்கும். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால், படியிலிருந்து தெருவரை யாரோ பலகை போட்டிருந்தார்கள். கால் சரியில்லாத என் வீட்டுக்காரர் அன்று வழுக்காமல் நடந்து போனார். போட்டது யாரென்று பக்கத்துக் கட்டட வேலையில் இருந்த ரோலர் டிரைவர் சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் தெருவுக்கு மேலே, மேட்டு நிலத்தில் தொழிற்சாலை கட்டும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர்தான் பலகை போட்டவர். அங்கே டீ போட்டுக் கொடுப்பவள் நான். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன்.

மேடு முழுக்கத் தளமும் கூரையும் ஆகிவிட்டால் மழைத்தண்ணீர் எங்கே போகும்? எங்கள் வீடுகளுக்குள்தான். அதற்காகவே தம்பி கீழ்மூலையில் பெரிய பள்ளம் வெட்ட வைத்தார். தண்ணீர் அதில் சேர்ந்து மெல்ல மண்ணுக்குள் இறங்கிவிடும் என்றார். முதலாளிக்கோ அந்த மூலையில் லாரி நிறுத்த ஆசை.

முதல் மழையில் பள்ளம் நிறைந்தது. வெயிலடித்தும் வற்றவில்லை. அடுத்த மழைக்கு வழிந்து எங்கள் வீட்டுக்குள் வந்தது. படுக்கையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டுக் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"மீன் வளர்க்கவா இடம் வாங்கினேன்? மூடிடுங்க" என்றார் முதலாளி.

தம்பி பள்ளத்தில் இறங்கிக் கம்பியால் குத்திப் பார்த்தார். கம்பி இறங்கவில்லை. டிரைவரைக் கூப்பிட்டார்.

"அடியில ரோலர் விட்டியா?"

"பின்னே? நாலஞ்சு தடவை. நான் உருட்டின தரையில எறும்புகூட இறங்காதுண்ணே."

"தண்ணி இறங்கணும்டா, மகராசா."

டிரைவர் முகம் செத்துப்போனது. மண்ணை இறுக்குவதுதானே அவன் பிழைப்பு. இங்கே மட்டும் வேண்டாமென்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

தம்பி முதலாளியிடம் போனார். "சொல்லாதது என் தப்பு சார். அடுத்த மழை வரைக்கும் மூடாதீங்க. அப்பவும் தண்ணி நின்னா நானே மண்ணைக் கொட்டுறேன்."

தண்ணீரை இறைத்து, அடிமண்ணைக் கிளறி, மணலும் ஜல்லியும் போட்டு, கரையில் கோரை நட்டார்கள். டிரைவரும் மண்வெட்டி பிடித்தான். "நான் உருட்டினதை நானே கொத்துறேன், பாருங்கக்கா" என்று சிரித்துக்கொண்டான்.

மழை கொட்டியது. முதலாளி குடையோடு வந்து நின்றார். பள்ளம் நிறைந்தது, ஆனால் வழியவில்லை. மறுநாள் பார்த்தால் முக்கால்வாசி இறங்கியிருந்தது. எங்கள் வாசல் வெறும் ஈரம். லாரிக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டு முதலாளி போனார். அன்று நான் கும்பிட்டபோது தம்பிக்காகவும் வேண்டிக்கொண்டேன்.

வேலை முடிந்து கிளம்புகிற அன்று தம்பி டீ குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்தார்.

"பலகையை எடுத்துக்கோங்க தம்பி. இனிமே எதுக்கு?" என்றேன்.

"இருக்கட்டும் அக்கா. பள்ளத்துல குப்பை போட மட்டும் யாரையும் விடாதீங்க. அது மறுபடி ரோலர் விடுற மாதிரிதான்."