குழாய்க் கட்சியின் ரெஜினா அக்கா

ரெஜினா அக்கா போய்விட்டார் என்ற செய்தி, பெங்களூர் போகும் காலை ரயில் கோரமண்டல் ஸ்டேஷனில் நின்றபோது வந்தது. அவர் மகள் போனில் அழுதாள். நான் பெட்டியிலிருந்த பெண்களிடம் சொன்னேன். பிறகு ஒருத்தி, அக்கா முனிசிபாலிட்டியில் அவரைக்காய் உரித்த கதையை எடுத்தாள். பங்காரப்பேட்டை வருவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் கட்சி பிறந்ததே அந்த ரயிலில்தான். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடியதில் அக்காவின் கணவருக்கு வேலை போயிற்று. அக்கா பெங்களூரில் கார்மெண்ட்ஸில் சட்டைக்குக் கை தைத்தார். எங்கள் தெருவில் குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீர் விற்றவர் அப்போதைய கவுன்சிலரின் மைத்துனர். அதைப் பற்றிப் புலம்பிக்கொண்டு வந்த ஒரு நாள் அக்கா கேட்டார்: “நாமளே ஒரு கட்சி ஆரம்பிச்சா இன்னா?”

எல்லோரும் சிரித்தோம்.

“சிரிங்க. சிரிச்சிட்டு ஒரு பேர் சொல்லுங்க.”

“குழாய்க் கட்சி” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள். அதுவே நிலைத்துவிட்டது.

தண்ணீர் கேட்டு முனிசிபாலிட்டிக்கு எப்போது போனாலும் அதிகாரி கன்னடத்தில் “நாளெ பன்னி” என்பார். நாளைக்கு வாருங்கள் என்று அர்த்தம். அவரைக்காய் காலத்தில் ஒரு நாள் லீவு போட்டு, ஆளுக்கொரு பை காயோடு போனோம். அன்றும் அதே பதில். “நீங்க சொன்ன நாளைதான் சார் இன்னிக்கு” என்று அக்கா தரையில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார். நாங்களும் உட்கார்ந்தோம். மத்தியானம் பியூனும் எங்களோடு சேர்ந்துகொண்டார். சாயங்காலம் அதிகாரி ஆள் அனுப்ப ஒப்புக்கொண்டார். அக்கா அவருக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

தண்ணீர் சில நாள்தான் வந்தது. யாரோ வால்வை மூடிவிட்டார்கள். இனி எங்கள் தெருவுக்கு லாரியும் கிடையாது என்று கவுன்சிலரின் ஆட்கள் மிரட்டினார்கள். பாதிப் பேர் பயந்து கட்சியை விட்டார்கள். என் மாமியார், “அவங்களோட நமக்கின்னாத்துக்கு வம்பு?” என்றார். அக்கா சர்ச்சுக்குப் போய் ஃபாதரிடம் வாதாடி அங்கிருந்த கிணற்றை எல்லோருக்கும் திறக்கவைத்தார். முருகன் கோயிலுக்குப் போகும் நாங்களும் அங்கேதான் மொண்டோம். வரிசையில் நிற்கும்போதே விட்டுப்போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

வார்டு தேர்தலில் அக்கா நின்றார், தோற்றார். மறுநாள் அண்டா நிறையக் கேசரி கிண்டித் தெருத்தெருவாகக் கொடுத்தார். தோற்றதற்கு எதற்குக் கேசரி என்றேன். “நம்மள நம்பி ஓட்டு போட்டாங்களே, அவங்க இன்னா தோத்தவங்களா?” என்றார்.

அடுத்த தேர்தலில் பிடிவாதமாக என்னை நிறுத்தினார். ஜெயித்தேன். மறுநாள் காலை கதவைத் திறந்தால் அக்கா நிற்கிறார். வாழ்த்தத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“கவுன்சிலரம்மா, எங்க தெரு சாக்கடை அடைச்சிக்கினு கெடக்குது.”

“இன்னாக்கா, நீயே இப்படிப் பேசற?”

“நீ அந்தப் பக்கம் போயிட்ட மாலா. எல்லாரும் உன் பின்னால வந்துட்டா உன்ன யாரு கேக்கறது? நான் இந்தப் பக்கமே இருக்கேன்.”

கடைசிவரை இருந்தார். குழாயில் தண்ணீர் வந்த அன்று தெருவெல்லாம் ஆடியபோது அவரும் ஆடினார். ஆடி முடித்து, தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று என்னிடம் புகார் சொன்னார்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: என் வாசலில் யாராவது சத்தம் போட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. கட்சி உயிரோடு இருக்கிறது என்று சந்தோஷமாக இருக்கிறது. “உள்ள வாங்க, உக்காந்து திட்டுங்க” என்கிறேன்.