நூறு சதவீதத்தின் மேல் காய்ந்த புளி

ஜவ்வாது மலையில் ஒரு மாணவியின் வீட்டு வாசலில் ஃபிளெக்ஸ் பேனர் ஒன்று விரித்துக் கிடந்தது. 'பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி' என்ற எழுத்துகளின் மேல் புளி காய்ந்துகொண்டிருந்தது. முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் படத்தில் ஒரு கண் மட்டும் வெளியே தெரிந்தது. அடிவாரத்தில் ஓர் அறக்கட்டளை அரசு உதவியோடு நடத்தும் பள்ளியின் பேனர் அது. என்னோடு வந்திருந்த எங்கள் தலைமை ஆசிரியை, "இதுக்காவது ஒதவுதே" என்று சிரித்தார்.

நான் அப்போது மலைமேல் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். இரண்டு பள்ளிக்கும் இதே மலைப் பிள்ளைகள்தான், ஒரே பாடம்தான். அவர்களுக்கு நூறு வரும், எங்களுக்கு வராது. கல்வி அதிகாரிகள் கூட்டத்துக்குக் கூட்டம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டி எங்கள் மானத்தை வாங்குவார்கள். தேறாது என்று தோன்றும் பிள்ளைகளுக்கு அங்கே ஒன்பதாவதோடு டிசி கொடுத்துவிடுவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அவர்கள் எங்களிடம்தான் வந்து சேருவார்கள். இந்த மாணவியும் அப்படி வந்தவள்.

அந்த ஆண்டு எங்கள் பள்ளியை மேல்நிலைப் பள்ளியாக உயர்த்தக் கேட்டிருந்தோம். நூறு வந்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். இவளோ புளி உலுக்கும் காலம் வந்ததும் பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டாள். பரீட்சைக்கே வராதவள் தேர்ச்சி விகிதத்தில் சேரமாட்டாள், வந்து தோற்றால்தான் எங்களுக்கு அடி. "நாம சும்மா இருந்தாலே போதும் மேடம்" என்றேன். "அதுக்கா நம்மள இங்க போட்டிருக்காங்க? வண்டிய எடுங்க சார்" என்றார்.

மாணவியின் அம்மா புளியைப் புரட்டியபடி, "மழ வந்தா எல்லாம் போச்சு டீச்சர், நான் இன்னா பண்றது?" என்றாள். "பரீட்ச அன்னிக்கு மட்டும் அனுப்புங்க. மத்தியானம் வூட்டுக்கு வந்துடுவா" என்றார் தலைமை ஆசிரியை.

வந்து எழுதினாள். கணக்கில் போய்விட்டது. அவள் ஒருத்தியால் நூறும் போனது, மேல்நிலைப் பள்ளியும் போனது. ஜூலையில் துணைத்தேர்வு எழுதித் தேறினாள். அது எந்தக் கூட்டத்திலும் பேசப்படவில்லை.

தலைமை ஆசிரியை ஓய்வுபெற்றுத் திருப்பத்தூரில் இருக்கிறார். நான் அவருடைய நாற்காலியில் இருக்கிறேன். பிளஸ் ஒன் பிள்ளைகள் இன்றும் விடியலில் பஸ் பிடித்துக் கீழே போகிறார்கள். மேடம் ஒவ்வொரு மே மாதமும் போன் செய்வார். "நூறு வரல மேடம்" என்பேன். "யாரையும் நிறுத்தலியே?" என்பார். "இல்லீங்க." "அப்ப சரி."

பத்தாவது தேறியதால் அந்த மாணவி இப்போது அங்கன்வாடிப் பணியாளர். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது அவள் வாசலில் புளி காய்ந்துகொண்டிருந்தது, அடியில் அறக்கட்டளைப் பள்ளியின் போன வருஷத்து நூறு.

"எப்பவும் அவங்களுதே கெடைக்குது சார். நம்ம பள்ளிக்கூடத்துது ஒண்ணு குடுங்களேன்" என்றாள்.

"நாம இன்னும் அடிக்கலம்மா" என்றேன்.