பல்லைத்தான் பிடுங்கினார்கள்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டேன். புண் ஒழுங்காக ஆற எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருப்பது. என் சொந்த வீட்டில் அது கிடைக்கவில்லை.

எங்கள் வீடு காரைக்கால் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். அதுதான் வினை. திருநள்ளாற்றில் சனீஸ்வரனைக் கும்பிட்டபின் யார் வீட்டுக்கும் போகக் கூடாது, நேராகத் தங்கள் வீட்டுக்குத்தான் திரும்பவேண்டும் என்பார்கள். அதனால் என் கணவரின் உறவுக்காரர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலமே எங்கள் வீட்டில் வந்து இறங்கிவிடுவார்கள். ராத்திரிச் சாப்பாடு, படுக்கை, விடியற்காலைக் காபி, வழிக்குப் புளிச்சோறு எல்லாம் என் தலையில். நானும் வாரம் முழுக்க ஆபீஸ் போய் வருகிறவள் என்பது யாருக்கும் ஞாபகம் வராது.

அந்த வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார்.

"பஞ்சை அழுத்திக் கடிச்சுக்கிட்டே இருங்க. துப்பாதீங்க, கொப்பளிக்காதீங்க, பேசாதீங்க. பள்ளத்துல ரத்தம் உறைஞ்சு மூடணும், அதுதான் மருந்து. உப்புத்தண்ணியெல்லாம் நாளைக்குத்தான்."

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பின்னால் ஆட்டோ வந்து நின்றது. என் கணவரின் அக்கா, அதாவது என் அண்ணி, அவர் வீட்டுக்காரர், அண்ணியின் மாமியார். நான் கைகூப்பித் தலையை ஆட்டினேன்.

"வாங்கன்னு ஒரு வார்த்தை வரமாட்டேங்குதே," என்றார் அண்ணி.

"பல்லு புடுங்கியிருக்குக்கா," என்றார் உள்ளேயிருந்து வந்த என் கணவர்.

"பல்லைத்தானே புடுங்கினாங்க? நாக்கையா புடுங்கினாங்க?"

வந்தவரை 'வாங்க' என்று சொல்லாமல் விட்டால் எங்கள் பக்கத்தில் அது சாகும்வரை பேச்சு. மொத்தமாக ஒரு 'வாங்க' போட்டாலும் செல்லாது. முறை சொல்லி, ஆளுக்கு ஒன்று சொல்லவேண்டும். என் கணவர் அடுக்களைக்குள் வந்து, "சொல்லித் தொலையேன், ஒரு நிமிஷ வேலை," என்று கிசுகிசுத்தார். பஞ்சைத் துப்பிவிட்டுக் கூடத்துக்குப் போனேன்.

"வாங்கண்ணி. வாங்கண்ணே. வாங்கம்மா."

மோவாயில் ரத்தம் வழிந்தது. அதைப் பார்த்து அண்ணிக்கு இரக்கம் பிறந்துவிட்டது. அது இன்னும் மோசம். சொம்பு நிறையச் சுடச்சுட உப்புத்தண்ணீர் கொண்டுவந்தார். "நல்லாக் கொப்பளிச்சுத் துப்பு, கெட்ட ரத்தமெல்லாம் போவட்டும்," என்று பக்கத்திலேயே நின்றார். கூடாது என்று கையை ஆட்டினேன். "நாங்க பாக்காத பல்லா?" என்றார். சொம்பு காலியாகும்வரை விடவில்லை.

சனிக்கிழமை விடிவதற்குள் அவர்கள் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு கிளம்பிப் போனார்கள். திங்கட்கிழமை எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வலி காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் ஏறியது. ஆட்டோ பிடித்து டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"கொப்பளிச்சீங்களா? அவ்ளோ தூரம் சொன்னேனே! மூடியிருந்த ரத்தத்தைக் கழுவி விட்டுட்டீங்க, எலும்பு வெளிய தெரியுது," என்று திட்டினார். யாரோ செய்ததற்குத் திட்டு எனக்கு. கிராம்பு மணக்கும் மருந்துத் துணியைப் பள்ளத்தில் வைத்து அடைத்தார். இனிமேலாவது பேசாமல் இருக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சொன்னார்: "நாளைக்குச் சித்தப்பா வீட்லேருந்து பத்திரிகை வைக்க வர்றாங்களாம். பாயசம் வச்சிடு."

என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்கவில்லை. அவர் கடைத்தெருவுக்குப் போனதும் பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு திருநள்ளாறு பஸ்ஸில் ஏறினேன். சனிக்கிழமை நிற்க இடமிருக்காத ஊர், திங்கட்கிழமை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. லாட்ஜ் மேனேஜர், "தனியாவா வந்திருக்கீங்க? சார் வரலியா?" என்றார். வீங்கிய கன்னத்தைக் காட்டினேன். மாடி அறைச் சாவியைக் கொடுத்தார். இருக்கும் இடத்தை என் கணவருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிவிட்டுப் போனை அணைத்தேன்.

குழையக் கரைத்த தயிர்சாதம். இளநீரைக்கூட உறிஞ்சாமல் டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரை வாயில் வைத்து, துப்பாமல், தானாக வழியவிட்டேன். மற்ற நேரமெல்லாம் தூக்கம். யாரும் வரவில்லை, யாரையும் வரவேற்கவில்லை. கல்யாணமாகி அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. புதன்கிழமை வலி விட்டுப்போயிற்று.

அன்று மத்தியானம் என் கணவர் வந்து நின்றார்.

"வீடு இருக்கும்போது லாட்ஜ்ல வந்து உக்காந்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க? பத்திரிகை வைக்க வந்தவங்க முன்னாடி என் மானமே போச்சு. வெள்ளிக்கிழமை பெரியம்மா வேற வர்றாங்க. கிளம்பு."

வாயைத் திறந்தேன். வலிக்கவில்லை.

"பக்கத்து ரூம் காலியாத்தாங்க இருக்கு. கோயிலும் கிட்ட. பெரியம்மாவை இங்கயே தங்க வைங்க. எனக்கு நல்லா ஆறினதும் நானே வர்றேன்."

 அவர் படியிறங்கிப் போனார். வெள்ளிக்கிழமைக்கு ரூம் கிடைக்குமா என்று கீழே மேனேஜரிடம் அவர் கேட்பது எனக்குக் கேட்டது.