இரண்டு ஜோடிப் புதுக் காலணிகள்

பிரான்சு நாட்டின் கிராமப்புறத்தில், பழங்காலக் கோட்டை ஒன்றை நோக்கி மகளுடன் நடந்துகொண்டிருந்தேன். கல் பாவிய தெரு செங்குத்தாக ஏறியது. இருவரும் அணிந்திருந்த புதுக் காலணிகளின் தோல் வாடை வீசியது, என் குதிகால் எரிந்தது.

"கால் வலிக்குதாப்பா?" என்றாள் மகள்.

"இல்லை" என்றேன்.

எழுபதுகளில், என் பத்தாம் வயதில், அப்பாவும் நானும் சங்கரன்கோவிலிலிருந்து பேருந்தில் சென்று, சிவகிரி மலையடிவாரத்தில் இடிந்து கிடந்த கோட்டையைக் காண வரப்பு வழியே நடந்தோம். இருவர் காலிலும் அன்றும் இதே தோல் வாடை. அப்பா தலைமையாசிரியர்; வெறுங்காலுடன் பிறர் கண்ணில் பட மாட்டார். களையெடுத்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தி, "சார்வாள், அதைக் கழட்டிக் கையில வச்சுக்கிடுங்க. இங்கன யாரு பாக்கப் போறா?" என்று சிரித்தாள். அப்பா விறைப்பாக நடந்தார். நானும் அவ்வாறே நடந்தேன்.

வீட்டில், இரத்தம் தோய்ந்த இரு ஜோடிக் காலுறைகளையும் கண்ட அம்மா, "அப்பாவுக்கும் மவனுக்கும் என்ன வீம்பு! ஒருத்தராவது வாயத் தொறந்திருக்கலாம்லா?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். மகளும் தாங்கித் தாங்கித்தான் நடந்து வந்தாள்.

"உனக்கு வலிக்கிறதா?"

"இல்லப்பா."

கோட்டை வாசற்படியில், வந்துபோவோர் அனைவரும் காண, நான் அமர்ந்து என் காலணியின் நாடாவை அவிழ்த்தேன். சற்றுப் பொறுத்து அவளும் அருகில் அமர்ந்தாள்.