சாப்பிட்டதும் படுத்தேன்

மனைவி மக்களைத் திருச்செந்தூர்ப் பக்கம் விட்டுவிட்டு, ராயபுரத்தில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறேன். அறையில் பேச ஆளில்லாததால் சாப்பிட்டதும் படுத்துவிடுவேன். எப்போதாவது நெஞ்செரிந்தால் ஒரு சோடா குடிப்பேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மதியம், காரமான மீன் குழம்பை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். சற்று நேரத்தில் நெஞ்சு நெருப்பாய் எரிந்தது. இருதயம் நின்றுவிடுமோ என்று நடுங்கினேன். செத்துப்போனால் மறுநாள் கடையில் தேடும்வரை யாருக்கும் தெரியாதே என்று, தாழ்ப்பாளைத் திறந்து வாசலில் வந்து உட்கார்ந்தேன்.

தெருவில் போன மீன்காரம்மா நின்றார். "இன்னா நைனா, இப்டி வேர்த்துக்கினு கீறே? வூட்ல யாரும் இல்லியா?"

"யாரும் இல்லம்மா" என்றேன். கூடையை அங்கேயே இறக்கிவிட்டு என்னை டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் சோதித்துவிட்டு, "இருதயத்துல ஒண்ணுமில்ல, நெஞ்செரிச்சல்தான். சாப்பிட்டதும் படுக்காதீங்க, ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருங்க. ஆனா நெஞ்சு வலிச்சா நீங்களா ஒண்ணும் முடிவு கட்டாம உடனே வாங்க" என்றார்.

இப்போது காரத்தையும் அளவையும் குறைத்துவிட்டேன். அந்த இரண்டு மணி நேரத்தில் ஊருக்குக் கடிதம் எழுதுகிறேன். தினமும் எழுத என்ன செய்தி இருக்கிறது? அதனால்தான் இன்று ஊருக்குப் பதிலாக, இதைப் படிக்கும் உங்களுக்கு எழுதினேன்.