அத்தைக்குப் பாடு இல்லாத கட்டுரை

இணையத்தில் இருக்கும் ஒரு கலைக்களஞ்சியத்தின் கட்டுரைகளுக்குத் தரம் போடுவது என் பொழுதுபோக்கு. சம்பளம் கிடையாது, கர்வம் மட்டும் உண்டு. ஒருநாள் என் அத்தையைப் பற்றியே ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. அத்தை, என் நைனாவின் தங்கை. நண்டுகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். கட்டுரையில் மூன்றே வரி: பிறந்த ஊர் கோட்டைக்குப்பம், கணவர் வங்கி ஊழியர், நண்டுக் குழம்பு பிரமாதமாக வைப்பார். மேலே ஒரு சிவப்புப் பட்டை: தரம் உயராவிட்டால் பதினைந்து நாளில் நீக்கப்படும்.

அத்தையின் நண்டுக் குழம்பை மனிதர் வாயில் வைக்க முடியாது. மூன்று வரியில் அதுவும் பொய்.

உறவுக்காரன் தரம் போடக்கூடாது என்று விதி. அப்படிப் பார்த்தால் எங்கள் குப்பத்தில் யாரும் யாரைப் பற்றியும் வாயே திறக்க முடியாது. இருப்பதிலேயே கீழான தரத்தை நானே போட்டுவிட்டு, ஊரில் போய்ப் புலம்பினேன்.

"நம்மூர்ப் பொண்ண எவன் நீக்குறான்னு பாத்துடலாம்" என்று ஊர் கூடியது. எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்வோம். கட்டுரைக்கும் பாடு வைத்தார்கள். சீட்டுக் குலுக்கி, வீட்டுக்கு ஒரு நாள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்ய வேண்டும்.

முதல் நாள்: "அவர் ஆராய்ந்த முதல் நண்டு எங்கள் வலையில் விழுந்தது." இரண்டாம் நாள்: "மேலே சொன்னது பொய். அது எங்கள் வலை." நான்காம் நாள், ஒருவர் தன் புதுப் படகின் படத்தைப் போடச் சொன்னார். ஆதாரம் எங்கே என்று கேட்டேன்.

"நம்மூரு டச்சுக்காரன் கல்லறைல எலும்புக்கூடே செதுக்கி வச்சிக்கிறான். அவன எவன் ஆதாரம் கேட்டான்?"

படத்தைப் போட்டேன். நானும் யோக்கியன் இல்லை. எங்கள் வீட்டுப் பாடு கடைசி நாள். "இவருடைய அண்ணன் மகன் பேரறிவாளர்" என்று ஒரு வரி தயாராக வைத்திருந்தேன்.

பதினான்காம் நாள் சென்னையிலிருந்து அத்தை வந்தாள். எங்கள் வீட்டில் ஊரே உட்கார்ந்திருந்தது. என் போனை வாங்கி நின்றபடியே படித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"எனக்கு என்னிக்குப் பாடு?"

பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டார். "கல்யாணமான ஆம்பளைக்குத்தானேம்மா பாடு. வழக்கம் அப்படி."

அத்தை என்னைப் பார்த்தாள். "தன்னைப் பத்தித் தானே எழுதக்கூடாதுன்னு கலைக்களஞ்சியத்துல விதி, அத்தை" என்று முனகினேன்.

"ஏரியிலயும் இல்ல, கம்ப்யூட்டர்லயும் இல்ல. நண்டு கூட எனக்கு எடம் வுட்டுச்சுடா. இவ்ளோ எழுதிக்கிறீங்களே, நான் இன்னா கண்டுபிடிச்சேன்னு ஒரு வரி கீதா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அது எங்க இருக்கு, அத்தை?"

அவள் எங்கள் டிவி மேசையைக் கை காட்டினாள். அதன் குட்டைக் காலுக்கு அடியில், நைனாவுக்கு அவள் ஆசையாகக் கொடுத்த அவளுடைய ஆராய்ச்சிப் புத்தகம் இருந்தது.

உருவி எடுத்தேன். டிவி சாய்ந்தது. மறுநாள் என் பாடு. முழுநாளும் உட்கார்ந்து படித்தேன். ஏரியின் முகத்துவாரம் மணலால் மூடும் காலத்தில் நண்டுக் குஞ்சுகள் எங்கே போய் ஒதுங்குகின்றன என்று கண்டு சொன்னவள் என் அத்தை. ஏரியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாது. எல்லார் வரிகளையும், நான் தயாராக வைத்திருந்த பேரறிவாளரையும் சேர்த்து, அழித்தேன். புத்தகத்தில் இருந்ததைப் பக்க எண்ணோடு எழுதினேன். சாயங்காலம் வேறொரு மதிப்பீட்டாளர் படித்துப் பார்த்துச் சிவப்புப் பட்டையை எடுத்துவிட்டார்.

"எங்கூட்டு நண்டு எங்கடா?" என்று வாசலில் ஒரே கூச்சல். நைனாவுக்கோ வேறு கவலை.

"டிவி சாயுதே, வேற புக்கு இன்னா கீது?"

அத்தை தன் பையைத் திறந்து இன்னொரு புத்தகத்தை நீட்டினாள்.

"இந்தாண்ணா. படிச்சிட்டு வை."